கப்பல்காரர் இறங்கிய மேடை

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் நியூசிலாந்தில், ஒக்லாந்து நகரில் சொந்த உழைப்பில் வான் வாங்கி ஓட்டியவன். 1992இல் பேர்ணடெட்டைப் பள்ளிக்கூட நாடகத்துக்கு ஏற்றிப் போனதும் நான்தான். மன்னாரிலிருந்து மகளோடு படகில் இந்தியாவுக்குத் தப்பி, பிறகு இங்கே வந்து சேர்ந்த பெண் அவள். விரி என்ற தொழிற்பேட்டையில் பெட்டி அடுக்கும் வேலை.

ஸ்பானியக் கப்பல்காரர் அமெரிக்கத் தீவொன்றில் இறங்கும் கதை. மகள் தனுஷிகா தீவுப் பிள்ளையாக, பழக்கூடையோடு மேடையில் நின்றாள். கப்பல்காரர் சிரித்தபடி இறங்கினார்கள்.

“அண்ணை, பிள்ளை ஏன் ஓடாமல் நிக்கிறாள்?”

“நாடகம்தானே தங்கச்சி, சும்மா இரும்.”

“எங்கட ஊருக்கும் ஆமிக்காரர் முதல் நாள் சிரிச்சுக்கொண்டுதான் வந்தவங்கள்.” அவள் கதிரையின் நுனிக்கு வந்தாள்.

அப்போது ஒரு கப்பல்காரன் விளையாட்டுத் துவக்கை வெடிக்க வைத்தான். பேர்ணடெட் மேடைக்குப் பாய்ந்தாள்.

“படு பிள்ளை! குப்புறப் படு!”

மகளை விழுத்தி, அவள்மேல் கவிழ்ந்துகொண்டாள். ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் நாங்கள் எல்லோரும் செய்வது அதுதான்.

“அம்மா, இட்ஸ் ஒன்லி அ பிளே!” என்று பிள்ளை கீழே கிடந்து அழுதாள்.

பேர்ணடெட்டைத் தூக்கிவிட நான்தான் போயிருக்க வேண்டும். ஆனால் எதற்கும் அஞ்சாதவன் என்று பெயரெடுத்த நானும் கதிரைகளுக்கு நடுவே குப்புறத்தான் கிடந்தேன்.