சூடுபட்ட குருத்தெலும்பு

1991 கோடையில் நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி, வீடு ஸ்ரீபெரும்புதூரில். காலையில் தெருமுனைக் கறிக்கடையில் ஆட்டு முழங்கால் மூட்டு வாங்கி, ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்கில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். மூட்டின் நுனியில் வழவழவென்று வெள்ளையாக இருக்குமே, அந்தக் குருத்தெலும்புதான் எனக்கு வேண்டும். அதன் செல்கள் சூடு தாங்க முடியாதபோது தங்களைக் காத்துக்கொள்ள ஒரு புரதத்தை அதிகமாகச் செய்யும். அதை அளப்பதுதான் என் வேலை.

அந்த மே மாதம் எங்கள் ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு, ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஆட்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். நெடுஞ்சாலையில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் துழாவினார்கள். ஒருநாள் என் ஃபிளாஸ்க் மாட்டிக்கொண்டது.

"இன்னாம்மா இது?" என்றார் போலீஸ்காரர்.

"ஆட்டு மூட்டு சார். ஆராய்ச்சிக்கு."

"எலும்புல இன்னா ஆராய்ச்சி?"

அடையாள அட்டையைக் கொடுத்தேன். போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஐஸைத் தரையில் கொட்டிவிட்டு, மூட்டோடு ஃபிளாஸ்கை வெயிலில் நின்ற ஜீப்பின் பானெட்மேல் திறந்தபடி வைத்தார். பஸ் போய்விட்டது. கறிக்கடைக்காரரை வரவழைத்து விசாரித்தார்கள்.

"எப்பவும் வாங்கினு போவாங்க சார்," என்றார் அவர். "எதுக்குன்னு நான் கேட்டதில்ல."

அந்தப் பதிலால் இன்னும் வெகுநேரம் நிற்க வேண்டியதாயிற்று.

அந்நேரத்துக்கு வேறு மூட்டு கிடைக்காததால் அதையே லேபில் பயன்படுத்தினேன். ஒப்பிடுவதற்காகச் சூடேற்றாமல் தனியே வைத்த துண்டுகளிலும் அந்தப் புரதம் எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புப் பட்டையாகத் தெரிந்தது.

என் பேராசிரியர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "துண்டுகளை மாத்திட்டியா?"

"இல்ல சார். வழியில போலீஸ் நிறுத்தினாங்க. வெயில்ல இருந்தது."

"எல்லாத்துக்கும் ஒரு கதை இருக்கு உங்கிட்ட."

எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. மறுநாள் லேபுக்குப் பக்கத்துக் கடையிலேயே ஒரு மூட்டு வாங்கினேன். பேராசிரியர் எதிரிலேயே குருத்தெலும்பைச் சீவி, பாதியை ஐஸில் வைத்தேன். பாதியை மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். அவர் நாற்காலி போட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

வெயில்பட்ட பாதியில் பட்டை அழுத்தமாக விழுந்தது. ஐஸில் இருந்ததில் அது கண்ணுக்கே தெரியவில்லை.

"சரி," என்றார். "இன்னொரு மூட்டுல பண்ணு. நானே வாங்கிட்டு வரேன்."

வாங்கியும் வந்தார்.