சேதுக்கரைக்கு எதிரே எடுத்த தண்ணீர்

கப்பலில் எனக்கு என்ன வேலை என்று அப்பாவுக்கு ஒழுங்காக விளக்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை. "சமுத்திரத்துல வாளி போடறேம்ப்பா" என்று ஒருநாள் எரிச்சலில் சொல்லிவைத்தேன். அது பொய்யும் இல்லை. ஓடுகிற கப்பலின் முன்பக்கமாக, எஞ்சின் வெந்நீரும் சமையலறைக் கழுநீரும் விழாத இடம் பார்த்து நின்று, கயிறு கட்டிய கித்தான் வாளியை முன்னால் வீச வேண்டும். நமக்காகக் கப்பல் நிற்காது. வாளி தண்ணீரைத் தொட்டதும் கயிறு தோள்பட்டையைப் பிடுங்கும். மேலே இழுத்த கையோடு நிழலில் வைத்து, ஈரக் கித்தான் காற்றில் குளிர்வதற்குள் தெர்மாமீட்டரைப் படித்துவிட வேண்டும். பிறகு அதே தண்ணீரில் ஒரு பாட்டிலை அலம்பி, நிரப்பி, ரப்பர் மூடியை இறுக்கி, எந்த இடம் என்று சீட்டு ஒட்டுவோம். அதில் உப்பு எவ்வளவு என்பதை மதராஸில் பார்ப்பார்கள். அந்த வேலை எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தவன் மாதிரி பேசுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கோடையில் கப்பல் பழுதுபார்க்கத் தூத்துக்குடியில் நின்றுவிட்டது. பாட்டில்களை ரயிலில் உடையாமல் மதராஸ் கொண்டு சேர்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. வழியில் இரண்டு நாள் வீட்டில் தங்க அனுமதி வாங்கிக்கொண்டு, திருச்சி ஜங்ஷனில் இறங்கி, மரப்பெட்டியும் நானுமாக ஜட்காவில் ஸ்ரீரங்கம் போனேன். அப்பா அப்போது படுத்த படுக்கை. பெட்டியைக் கூடத்தில் இறக்கியபோது கண்ணாடி கிணுகிணுத்தது.

"என்னடா சத்தம் அது?"

"கடல் ஜலம்ப்பா. பாட்டில் பாட்டிலா எடுத்துண்டு வந்திருக்கேன்."

அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெருமை விடவில்லை. எந்தெந்த இடத்தில் எடுத்தோம் என்று அடுக்கிக்கொண்டே போய், "சேதுக்கரைக்கு எதிர்லகூட ஒண்ணு எடுத்தோம்" என்றேன்.

அப்பா தலையைத் தூக்கினார். திருப்புல்லாணியில் பெருமாளைச் சேவித்துவிட்டுச் சேதுக்கரையில் தீர்த்தமாட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அக்காக்கள் கல்யாணம், என் படிப்பு என்று வருஷா வருஷம் தள்ளிப்போட்டு, கடைசியில் காவேரிக்கே நடக்க முடியாமல் போய்விட்டது.

"சேது தீர்த்தம் ஆத்துக்கே வந்துடுத்தா? இனிமே எனக்கு எங்கேயும் போகத் திராணியில்லைடா. ஒரு உத்தரிணி என் தலையில விடேன்."

உத்தரிணி என்பது பூஜைக்குத் தீர்த்தம் எடுக்கிற சின்னக் கரண்டி. அதில் ஒன்றுதான் கேட்டார்.

"திறக்கப்படாதுப்பா," என்றேன். "திறந்தா ஆவியாகி உப்புக் கூடிடும். ஒரு சொட்டுக் குறைஞ்சாலும் கணக்கெல்லாம் தப்பாயிடும். அத்தனை பேர் பட்ட பாடும் வீண்." ஆவியாகும் என்பது கப்பலில் சொல்லிக் கொடுத்தது. ஒரு சொட்டுக் கதை என் சொந்தச் சரக்கு.

"ஒரு உத்தரிணி ஜலத்துக்கா இவ்வளவு?" என்று அம்மா கேட்டாள். "உனக்கு என்ன தெரியும்!" என்று அவள்மேல் பாய்ந்தேன். அப்பா கையமர்த்தினார்.

"விடு. ஊருக்காகப் பண்ற காரியம். எனக்காகக் கெட வேண்டாம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அந்த இரண்டு நாளும் கூடத்தில் யார் நடந்தாலும் அப்பா படுத்தபடியே, "பாத்துப் போங்கோ, பெட்டி இருக்கு" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மதராஸில் என் மேலதிகாரி பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒரு கண்ணாடிக் குழாயால் கொஞ்சமே கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, வெள்ளி கலந்த ஏதோ மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நிறம் மாறியதும் எழுதிக்கொண்டார். பாட்டிலை என்னிடம் நீட்டி, "மீதியைக் கொட்டிவிட்டுக் கழுவி வை, அடுத்த பயணத்துக்கு வேண்டும்" என்றார்.

முக்காலுக்கு மேல் இருந்தது. கொட்டினேன். இரண்டாவதையும் கொட்டினேன். அதற்குமேல் கை ஓடவில்லை.

"சார், முன்னாடியே ஒரு ஸ்பூன் எடுத்துட்டு உடனே மூடியிருந்தா?"

"ஒன்றும் ஆகியிருக்காது. ஏன்?"

ஏன் என்று எப்படிச் சொல்வது? வாளி வீசத் தெரிந்த நான், யாரையும் கேட்காமல், ஒன்றும் தெரியாமல், அப்பாவின் ஆசைக்குக் குறுக்கே நின்றிருக்கிறேன். சேதுக்கரை பாட்டிலின் மீதியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு அன்றைக்கே ரயில் ஏறினேன்.

அப்பா இன்னும் மெலிந்திருந்தார். "சேது தீர்த்தம்ப்பா" என்று பாட்டிலைக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"திறந்துட்டியா? எனக்காகவா?"

"இல்லேப்பா, இது மிச்சம். அவாளுக்குத் துளிதான் வேணும். நான்தான் தெரியாம உளறிட்டேன்."

"ஒரு சொட்டுக் குறையப்படாதுன்னியே."

எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர் நம்பவில்லை. அப்பா மனசு ஆறட்டும் என்று பிள்ளை பொய் சொல்கிறான் என்றே நினைத்தார். அம்மா அவர் தலையைத் தாங்கிக்கொள்ள, நான் உத்தரிணியால் விட்டேன். தண்ணீர் நெற்றியில் இறங்கிக் காதோரமாக வழிந்தது. தீர்த்தமாடும் நேரத்தில் சொல்வதற்கு என்று அவர் பல வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த சுலோகம் ஒன்று உண்டு. அவர் அதைச் சொல்லவில்லை.

"உன் வேலைக்கு ஒண்ணும் வந்துடாதே?" என்றுதான் கேட்டார்.

"வராதுப்பா."

என் கையைப் பிடித்தார்.

"உன் அதிகாரிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. கிழவன் ஆசைப்பட்டுட்டான்னு சொல்லு."

"சொல்றேம்ப்பா" என்றேன்.