கைதட்டல் வரவேண்டிய இடம்

சென்ற வருடம் பெப்ரவரியில், ரொறொன்ரோவுக்கு வடக்கே நடந்தது. வரிசைப்படி சொல்கிறேன்.

1. யூனியன்வில்லில் டேகெயார் எனப்படும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்துவந்த என் தோழி, ஒரு செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் மதியத் தூக்கத்தில் இருந்தபோது தலைவலி என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

2. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். மூளைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடித்திருந்தது. அவளுக்கு வயது இருபத்தாறு.

3. மறுநாள் அவளுடைய அப்பா என்னை ஸ்ரௌவ்வில் நகரில் இருந்த தங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார்.

4. அங்கே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன்.

5. வெள்ளிக்கிழமை மாலை, மலர்ச்சாலையில், உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில், மகளுடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவர் கீபோர்ட் வாத்தியத்தின் முன் போய் உட்கார்ந்தார்.

மிசிசாகாவில் நான் செய்வது மென்பொருளைச் சோதிக்கும் வேலை. எங்கே பிழை நேர்ந்தது என்று எழுதும்போது இப்படிப் படிப்படியாகத்தான் எழுதுவோம். ஆனால் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையில் இருந்ததை அப்படி எழுத முடியவில்லை.

அவளும் நானும் சின்ன வயதிலிருந்தே கத்தோலிக்கத் தேவாலயத்தின் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவில் இருந்தவர்கள். அவளுடைய அப்பாதான் அந்தக் குழுவை நடத்துபவர். கிழமை நாட்களில் விமான நிலையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். யாராவது சுருதி தப்பினால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காகப் பாடக் கற்றுக்கொண்டோம்.

கல்லூரியில் நான் ஒலிப்பதிவு படித்தேன். அவள் குழந்தைகளைப் பராமரிக்கும் படிப்புக்குப் போனாள். ஆனால் பாட்டுக் கட்டியது அவள்தான். டேகெயார்ப் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் சின்னச் சின்னப் பாட்டுகள். தொலைந்துபோன சிவப்புக் கையுறை, வராத பஸ், உருகிப்போன ஐஸ்கிறீம். அவர்கள் வீட்டுப் பேஸ்மென்டில் அவள் எல்லாக் குரல்களையும் தானே பாடுவாள், நான் பதிந்து சேர்த்துக் கொடுப்பேன். இது என்ன வகை இசை என்று யாராவது கேட்டால் கொஞ்சமும் கூசாமல், "பபிள்கம் பொப்" என்பாள்.

அவளுடைய அப்பா ஒரே ஒருமுறைதான் அதைக் கேட்டார். இரவுச் சாப்பாட்டு மேசையில் அவள் ஃபோனில் போட்டுக்காட்டினாள். கேட்டு முடித்துவிட்டு, "சப்பிப்போட்டுத் துப்புற சாமானெண்டு நீயே பேர் வைச்சிருக்கிறாய், பிறகென்ன" என்றார். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருவரும் எல்லாம் பேசினார்கள். பாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. சில மாதங்களில் அவள் பாடகர் குழுவுக்கு வருவதையும் விட்டுவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை நான் போனபோது வீட்டு வாசல் முழுவதும் சப்பாத்துகள். சமையலறையில் யாரோ தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கிள், அவளுடைய அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், என்னைக் கூட்டிக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கினார். அவளுடைய நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் இருந்த பெட்டியில் உட்கார்ந்தார். அவர் அழுதிருக்கவில்லை. முகம் மட்டும் பல நாள் நோயாளியின் முகம் மாதிரி இருந்தது.

"பிள்ளை, பார்வைக்கு வைக்கேக்க இவளின்ர பாட்டில ஒண்டு போகவேணுமெண்டு தாய் ஒற்றைக் காலில நிக்கிறா. எனக்கு உந்தப் பாட்டு விளங்கேல்லை. விளங்காததை என்ர பிள்ளைக்கு முன்னால நான் வாசிக்க மாட்டன். உது என்ன வகை, அதை அந்த வகையாக்கிறது என்ன? ஒண்டொண்டாச் சொல்லும்."

ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட்டு எழுந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நல்ல பாட்டு அங்கிள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான் என்று. ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. பிரேத பரிசோதனை செய்த வைத்தியரிடம் காலையில் எப்படிக் கேட்டிருப்பாரோ அதே குரலில்தான் என்னிடமும் கேட்டார். அதனால் உள்ளபடி சொன்னேன்.

அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் தொடங்கியது என்றேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை நினைத்துச் செய்த பாட்டு. பெரும்பாலும் தயாரிப்பாளர்தான் அதன் முதலாளி. கூலிக்கு வந்த வாத்தியக்காரர் வாசிப்பார்கள், பெயர் தெரியாத ஒருவர் பாடுவார், இசைத்தட்டின் அட்டையில் வேறு யாருடையதோ முகம் இருக்கும். சில வேளை கார்ட்டூன் முகம். பாடியவர் யார் என்று யாருக்கும் தெரியாது, அது முக்கியமும் இல்லை. கோர்ட்ஸ் என்கிற சுரக்கூட்டுகள் மூன்று, அல்லது நான்கு. இரண்டரை நிமிடம், மிஞ்சினால் மூன்று. மிட்டாய், விளையாட்டு, ஒரு சின்ன ஆசை, இவைதான் பொருள். சோகமான விஷயமாக இருந்தாலும் தாளம் துள்ளும். கோரஸ் சீக்கிரம் வந்துவிடும், திரும்பத் திரும்ப வரும், அதற்குள் பொருளில்லாத அசைகள் இருக்கும், மொழி தெரியாதவர்களும் பாடலாம். கை தட்டுகிற சத்தம் ஏறக்குறைய எப்போதும் இருக்கும்.

அவருடைய விரல்கள் முழங்காலில் அசைந்தன.

கடைசியாக ஒன்று மீதமிருந்தது. அதைச் சொல்வதா என்று தயங்கினேன். அவர் கவனித்துவிட்டார்.

"சொல்லும்."

"நீண்ட நாள் நிக்கவேணுமெண்டு செய்யிறேல்ல, அங்கிள். அடுத்த வருசம் பிள்ளையள் வேற பாட்டுக்குப் போயிடுவினம். அதுவும் அந்த வகையின்ர ஒரு குணம்தான். அவளுக்கும் அது தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் கோபம் இருக்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பட்டியல் முடியவில்லை. அவளுக்கென்று ஒரு சொந்த விதி இருந்தது, அதையும் சொன்னேன். ஒரு கோரஸ் கட்டினால் அடுத்த நாள் டேகெயாரில் ஒரே ஒருமுறை பாடிக்காட்டுவாள். இரண்டாம் முறை பிள்ளைகள் சேர்ந்து பாடாவிட்டால் அந்த மெட்டைத் தூக்கி எறிந்துவிடுவாள். பிழை பிள்ளைகளில் இல்லை, மெட்டில் என்பாள். எனக்குப் பிடித்த எத்தனையோ மெட்டுகளை அப்படி எறிந்திருக்கிறாள்.

அங்கிள் பெட்டியிலிருந்து எழுந்தார்.

"உது பதிலுரைப் பாட்டின்ர விதி," என்றார். "இவள் முன் வரிசையில நிக்கத் தொடங்கின காலத்தில நான் சொல்லிக்குடுத்தது."

பூசையில் முதல் பைபிள் வாசகத்துக்குப் பிறகு வரும் அந்தப் பாட்டு, எங்கள் ஆட்களுக்குத் தெரியும். நடத்துபவர் பல்லவியை ஒருமுறை பாடிவிட்டுக் கையை உயர்த்துவார். சனங்கள் அதைத் திருப்பிப் பாடவேண்டும். யாரும் ஒத்திகை பார்த்து வருவதில்லை. அந்த ஞாயிறு முதல் தடவையாகக் கேட்பவர்கள்தான். அதனால் அந்தப் பல்லவி ஒருமுறை கேட்டவுடன் வாயில் ஏறவேண்டும். அங்கிள் அதற்காக மெனக்கெட்டு மெட்டமைப்பவர். அவர் வாழ்க்கையில் பெருமைப்பட்டது அந்த ஒன்றுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு கீபோர்ட்டை இயக்கச் சொன்னார். சிவப்புக் கையுறைப் பாட்டை நான் போட, அவர் கேட்டுக் கேட்டு வாசித்தார். உடனே பிடித்துவிட்டார். அடுத்து அதை மெதுவாக்கி, அரைவாசி வேகத்தில் வாசித்தார். அழகாக, துக்கமாக இருந்தது.

"இப்பிடி வாசிச்சால் சபைக்குப் பொருந்தும். என்ன சொல்லுறீர்?"

"பொருந்தும் அங்கிள். ஆனா அப்ப அது அவளின்ர பாட்டில்லை."

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. பாடகர் குழுவில் இருந்த காலம் முழுக்க நான் அவரிடம் மறுத்து ஒன்றும் சொன்னதில்லை.

மறுபடியும் அசல் வேகத்தில் போட்டேன். கைதட்டல் வரும் இடம் வந்தபோது படிக்கட்டில் காலடி கேட்டது. அங்கிளுடைய அண்ணன், தோழியின் பெரியப்பா, இறங்கி வந்தார்.

"தம்பி, செத்த வீட்டில கைதட்டுற சத்தம் மேல கேக்குது. வந்திருக்கிற சனம் என்ன நினைக்கும்?"

"பாட்டில இருக்கு அண்ணை."

"அப்ப அதை எடுத்துப்போட்டுப் போடச் சொல்லு. உவ ஒலிப்பதிவு படிச்சவதானே, எடுக்கத் தெரியாதோ?"

தெரியும். கைதட்டல் தனியாகத்தான் பதிவாகியிருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அங்கிள் என்னைப் பார்த்தார், அழுத்தினேன். பாட்டு ஓடியது. கோரஸின் முடிவில் இரண்டு தட்டல் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அவள் அந்த இடத்தில் குரலையோ வாத்தியத்தையோ வைக்கவில்லை, கைகளுக்காகவே காலியாக விட்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது கால் வைக்கப் படி இல்லாத மாதிரி இருந்தது. பெரியப்பா, "இது பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு மேலே போனார். அங்கிள் என்னிடம், வெள்ளிக்கிழமை இரண்டையும் கொண்டுவாரும் என்றார்.

வெள்ளிக்கிழமை மலர்ச்சாலை நிரம்பியிருந்தது. செபமாலை சொன்னார்கள், பாடகர் குழு பாடியது, யாழ்ப்பாணத்திலும் பாரிஸிலும் இருந்த சொந்தங்களுக்காகக் கமெரா ஓடிக்கொண்டிருந்தது. டேகெயாரிலிருந்து சில பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் இல்லை, சீனர்கள், பஞ்சாபிகள், ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். பனிச் சப்பாத்துகளோடு பிள்ளைகள் பின் வரிசையில் சத்தமில்லாமல் நின்றார்கள். அவளுடைய அம்மா, அன்ரி, காலையிலிருந்து பெட்டியின் தலைப்பக்கத்தில் இருந்தபடியே இருந்தார். யார் கையைப் பிடித்தாலும் அவருடைய கை திருப்பிப் பிடிக்கவில்லை.

கைதட்டலோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று நான் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கிளைப் பார்த்தேன். அவர் என் பக்கம் வரவில்லை. நேரே கீபோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்தார். கோரஸை ஒருமுறை வாசித்தார், அசல் வேகத்தில். பூசையில் செய்வது போலவே இடது கையை உயர்த்தினார்.

ஒருவரும் பாடவில்லை. பாடகர் குழுவுக்கே பாட்டுத் தெரியாது. கைதட்டல் வரவேண்டிய இடத்தில் அவர் இரண்டு கைகளையும் கட்டைகளிலிருந்து எடுத்துவிட்டார். அந்த மௌனம் எல்லோருக்கும் கேட்டது. முன் வரிசையில் பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டாம் முறை வாசித்தபோது பின்னாலிருந்து பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். முதலில் ஒரு குரல், பிறகு எல்லாக் குரல்களும். அது அவர்களுக்கு வழமையான பாட்டு, எங்கே நிற்கிறோம் என்பது அவர்களுக்கு ஒரு தடையாக இருக்கவில்லை. காலியிடம் வந்தது. தட்டினார்கள். கையுறை போட்டிருந்த கைகளும் இருந்ததால் பாதிச் சத்தம் அமுங்கியே கேட்டது. ஒரு தாய் பதறிப்போய் மகனுடைய கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்.

மூன்றாம் முறை அந்த இடம் வந்தபோது அன்ரி மடியிலிருந்த கைகளை எடுத்து இரண்டு தரம் தட்டினார். பெட்டிக்குள் பார்த்தபடி, அளவாக, தாளம் தப்பாமல்.

அதற்குப் பிறகு சிலர் சேர்ந்து தட்டினார்கள். பலர் தட்டவில்லை. பாட்டு இரண்டரை நிமிடத்தில் முடிந்தது. அங்கிள் எழுந்து போய், அனுதாபம் சொல்ல வந்தவர்களின் வரிசைக்கு முன்னால் மறுபடியும் நின்றார். அப்போதுதான் அவர் அழுதார்.

போகும்போது பெரியப்பா என்னிடம் வந்தார். "நீர்தானே உதையெல்லாம் அவனுக்குச் சொன்னது?" என்று கேட்டார். ஓம் என்றேன். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். கோட்டின் பொத்தான்களைப் பூட்டி முடித்துவிட்டு, "அவளுக்கு நல்ல குரல்" என்றார். போய்விட்டார்.

இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. அங்கிள் பாடகர் குழுவை நடத்துகிறார். அன்று பாடிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள், அவர்களுக்கு அந்தப் பாட்டும் அதைக் கட்டியவளும் மறந்துபோவார்கள். அவள் பாதியில் விட்ட ஒரு பாட்டு என்னிடம் இருக்கிறது. முடிக்கலாமா என்று அங்கிள் கேட்டார், பேசிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று இருவரும் விட்டுவிட்டோம். அவருக்குப் பபிள்கம் பொப் இன்னும் பிடிக்கவில்லை, என்னிடம் அதை மறைப்பதும் இல்லை. ஒருவர் செய்வதை நாம் விரும்பத்தான் வேண்டும் என்றில்லை, அது எப்படிச் செய்யப்படுகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து கேட்டால் போதும் என்று நினைக்கிறேன். அவர் கேட்டார். அவள் இருந்தபோது கேட்கவில்லை.