லாரிக்காரர் வரைந்த மணல்மேடுகள்

தண்ணீர் லாரிக்காரர் என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். வாலிபத்தில் பாதி பாலைவனத்தில் போயிற்று. சாலை போடுகிறவர்களின் முகாம்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வேலை. எப்போதடா வீடு திரும்புவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியவர்தான். திரும்பி வந்து காலை நீட்டி உட்கார்ந்த பிறகோ, மணல் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். அவள் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "போன்ல கேட்டப்பல்லாம் வெறும் மணல்தான்னு சொன்னீங்க. இப்ப என்ன அதுக்கு இவ்வளவு உருக்கம்?" என்றாள்.

சொன்னால் விளங்காது, காட்டிவிடுவோம் என்று பெயிண்ட் வாங்கிவந்து முன்னறைச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மேலே நீலம், கீழே மஞ்சள், நடுவே மேடு மேடாக மணல். மெனக்கெட்டு முடித்ததும் மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். துவைத்த போர்வையைக் கொடியில் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய்யில்லை. முதல் மேடும் கடைசி மேடும் ஒரே மஞ்சளில் தோளோடு தோள் ஒட்டி நின்றன.

கண்ணை மூடி, மனசால் மறுபடி லாரியில் ஏறி உட்கார்ந்தார். சக்கரத்தடியில் மணல் செக்கச்செவேலென்று கிடக்கும். காற்று கீறிய வரிகள்கூடத் தெரியும். போகப் போக வரி மறையும், நிறம் வெளுக்கும். கடைசி மேடு நீலம் பாரித்து, மேடா மேகமா என்று சந்தேகம் வரும். அதைப் பார்ப்பதற்காகவே வண்டியை மெதுவாக விட்ட நாட்கள் உண்டு.

தூரத்து மேடுகளில் வெள்ளையும் துளி நீலமும் கலந்து பூசினார். முன்மேட்டுக்குச் செங்காவி, அதன் நிழலுக்குக் கரும்பழுப்பு. சக்கரத் தடங்களை முன்னால் அகலமாகத் தொடங்கி, நெருக்கி, நூலாக்கி, ஒரு மேட்டின் பின்னால் மறைத்தார்.

காப்பியோடு வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுல நீங்க எங்க நிப்பீங்க?"

"இப்ப நீ நிக்கிறியே, அங்கதான்."

"கூட யாரு?"

"யாருமில்ல."

அவள் குரல் இறங்கிவிட்டது. இத்தனை வருஷம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"கஷ்டத்த சொன்னா நீ அழுவ. அழகா இருக்குன்னு சொன்னா, எங்கள விட்டுட்டு அங்க நல்லாத்தான் இருக்கீங்கன்னு நினைப்ப. ரெண்டும் நிசம்தான். அதான் வாய மூடிக்கிட்டேன்."

அவள் நாற்காலியைச் சுவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப ரெண்டையும் சொல்லுங்க."

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கே வரும் குளிரிலிருந்து அவர் ஆரம்பித்தார்.