தில்லியில் ஒரு 'பார்த்துக்கலாம்'

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஏப்ரல் காலை. ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு வெந்து புதுதில்லியில் இறங்கினேன். மதராஸ் குடிநீருக்காக வாங்கும் ராட்சத ஜெர்மன் பம்ப் மாதிரியே ஒன்றை முதலில் தில்லியில் பூட்டுகிறார்கள். அதைக் கற்றுவர என்னை அனுப்பியிருந்தார்கள். தில்லி பம்ப் கெட்டால், அடுத்து வரும் எங்கள் பம்ப்பை அவர்களுக்குத் திருப்பிவிடுவார்கள். குடத்தோடு நிற்கும் ஊருக்கு நான் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

தங்கியது ஆர்.கே.புரத்தில், நண்பர் நடராஜன் குவார்ட்டர்ஸில். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

"மூணு மாசமா சொல்றேன் அண்ணா. கேட்டா 'தேக் லேங்கே'ங்கறார்," என்றார் அவர் மனைவி கமலா.

"பார்த்துக்கலாம்னுதானே சொன்னேன்?" நடராஜன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பார்க்க மாட்டேன்னு அதுக்கு அர்த்தம்."

மறுநாள் எட்டரைக்கு பஸ். லோதி ரோடுக்கு முப்பது காசு. அங்கே ஆபீசில் ஜெர்மன் இன்ஜினீயர் ஹான்ஸும் தில்லி அதிகாரி மல்ஹோத்ராவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"கப்பல் பயணத்துக்காக பேரிங்கில் கெட்டி கிரீஸ் அடைத்திருக்கிறோம். கழுவி எண்ணெய் விட்டபிறகே ஓட்ட வேண்டும்," என்றார் ஹான்ஸ்.

"வீ வில் சீ இட்," என்றார் மல்ஹோத்ரா.

இந்தியில் நினைத்ததை அப்படியே இங்கிலீஷில் இறக்கிவிட்டார் மனிதர். 'நாங்களே பார்த்துவிடுகிறோம்' என்று ஹான்ஸ் காதில் விழுந்தது. திருப்தியாக அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். எனக்குக் கமலாவின் குழாய்தான் ஞாபகம் வந்தது.

அன்றே பிற்பகல் மூன்று மணி, யமுனைக் கரையில் பம்ப் நிலையம். ஸ்விட்சில் கை வைத்துவிட்டார்கள். நான் நேரே பேரிங் மூடியிடம் போனேன். போல்ட்டுகளின் மேல் கம்பெனி அடித்த மஞ்சள் பெயிண்ட் துளி கலையவில்லை.

"நிறுத்துங்கள். இதை யாரும் திறக்கவே இல்லை," என்றேன், எல்லார் எதிரிலும்.

"பார்ப்பதாகச் சொன்னாரே?" ஹான்ஸ் விழித்தார்.

"சொன்னார். எங்கள் நாட்டில் அப்படிச் சொன்னால் இப்போதைக்குப் பார்க்கப் போவதில்லை என்று பொருள்."

திறந்தார்கள். உள்ளே கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. ஓட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் பேரிங் பொசுங்கியிருக்கும். எங்கள் பம்ப்பும் கைநழுவிப் போயிருக்கும்.

மல்ஹோத்ரா என்னை ஓரமாக இழுத்தார். முகம் சிவந்திருந்தது. "ஆப் கிஸ்கே ஆத்மி ஹை?" நான் யாருடைய ஆளாம்.

"பம்ப் கா," பம்ப்பின் ஆள் என்றேன். எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். முறைத்தவர், பிறகு சிரித்துவிட்டு டீ சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷர்தான்.

அடுத்த நாள், கழுவி எண்ணெய் விட்ட பம்ப் முனகாமல் ஓடியது. வாரக் கடைசியில் ஹான்ஸ் ஸ்டேஷனுக்கே வழியனுப்ப வந்தார். எங்கள் பம்ப்பைப் பூட்ட அடுத்த மாதம் அவர் மதராஸ் வர வேண்டும்.

"அந்தச் சொல் தமிழில் எப்படி?" என்றார்.

"பார்த்துக்கலாம்."

நாலு தரம் சொல்லிப் பழகினார். "மதராஸில் இதைக் கேட்டால் நான் என்ன செய்ய?"

"உடனே எழுந்துபோய் நீங்களே பாருங்கள்."

"நீங்கள் சொன்னாலுமா?"

வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னேன்: "நான் சொன்னால் ஓடியே போய்ப் பாருங்கள்."