வேகத்தடை வந்தால் இறங்குபவன்

பழைய கார் விற்கும் தொழிலில் உண்மையைச் சொன்னால் வண்டி நின்றுவிடும், பொய்யைச் சொன்னால் தூக்கம் நின்றுவிடும். இதைப் படித்ததும் உங்களுக்குப் பெருமூச்சு வருகிறது என்றால் நீங்களும் நம்ம ஆள்தான். சோப்போ, மனையோ, எதையோ ஒன்றை யார் தலையிலோ கட்டிப் பிழைப்பவர். மைசூரில் இருபத்தாறு வருடமாக நான் கார் விற்கிறேன். போன வருடம் வரைக்கும் ஓரளவு நேர்மையானவன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். ஒரு சின்ன சிவப்பு வண்டி வந்து அந்த நினைப்பைக் கெடுத்தது.

முதலாளி விட்ட சாபம்

எங்கள் யார்டு முதலாளி சிவண்ணா ஒரு பெரிய ஜீப்பைக் கொடுத்து, அதற்கு எக்ஸ்சேஞ்சில் அந்த வண்டியை வாங்கியிருந்தார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, துணிக்கூரை, ஐந்து கியர். எல்லாம் கையால் போட வேண்டியது. இரும்பு செலவழிக்க மனசு வராத யாரோ செய்தது போல அவ்வளவு லேசு. விலையும் ஒரு நல்ல பைக்கின் விலைதான். செய்த கம்பெனி என்றைக்கோ மூடிப்போனது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, மாற்று ஸ்பிரிங் கிடைக்காது. நான் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். பிறகு காரணமே இல்லாமல் இன்னொரு முறை நடந்தேன். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆயிரம் பேருக்காவது வண்டி தேர்ந்தெடுத்துக் கொடுத்திருப்பேன். நான் வேலைக்குப் போய்வருவது ஸ்கூட்டரில்.

எனக்கு அது வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. இந்த வயதில் சொல்லக்கூடிய ஆசையா அது? சிவண்ணாவோ வண்டியைப் பார்த்துப் பார்த்து நொந்துகொண்டிருந்தார். கடைசியில் கன்னடமும் தமிழும் கலந்து என்னை மிரட்டினார்: "முருகேசா, ஆயுத பூஜைக்குள்ள இதத் தள்ளிவிட்டுடு. பூஜை அன்னிக்கும் இங்கயே நின்னுச்சுன்னா, வாங்கின விலைக்கு உன் தலையிலதான் கட்டுவேன். நீயே மாலை போட்டு ஓட்டிட்டுப் போ, அஷ்டே, அவ்ளோதான்!"

ஒன்பது வேகத்தடைகள்

முதலில் வந்தவன் ஹெப்பாள் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் விக்னேஷ். அம்மா அப்பா தமிழ். அவன் கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுகிறவன். ஆறு மாதம் வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தான். எடைக்கு எத்தனை குதிரைச் சக்தி, திருப்பத்தில் வண்டி எவ்வளவு சாயும் என்று எனக்குத் தெரியாததையெல்லாம் கேட்டு, அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். டெஸ்ட் டிரைவில் வாங்க வந்தவர் ஓட்டுவார், நான் இடது சீட்டில் உட்காருவேன். அதுதான் யார்டு வழக்கம்.

ரிங் ரோடு வழியாகப் போயிருக்கலாம். நான் குடியிருப்புத் தெருக்கள் வழியாகப் போகச் சொன்னேன். ஒன்பது வேகத்தடைகள். இரண்டு பேர் உட்கார்ந்தால் அந்த வண்டியின் வயிறு தரையில் தேய்ந்து கத்தும். ஆகவே ஒவ்வொன்றிலும் நான் இறங்கி, நடந்து தாண்டி, மறுபடி ஏறினேன். ஏன் அந்த வழியைக் காட்டினேன்? உள்ளதை உள்ளபடி காட்டுவதுதானே நேர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பதாவதில் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தபோது விக்னேஷ் வருத்தத்தோடு சொன்னான்: "வண்டி சூப்பர் அங்கிள். ஆனா என் கேர்ள் ஃப்ரெண்ட் ஒம்பது தடவ எறங்க மாட்டா. ஒரே தடவதான் எறங்குவா."

மூட்டையும் யானையும்

ஹனூரிலிருந்து பழனிசாமி என்றொரு விவசாயி பிக்கப் வண்டி பார்க்க வந்தார். மஞ்சள், மக்காச்சோளம் போடுகிறவர். சிவப்பு வண்டியைக் கண்டதும் பிக்கப்பை மறந்துவிட்டார். "ஏனுங்க, இது எத்தன மூட்ட தாங்கும்?" என்றார். இரண்டு ஆள் தாங்கும் என்றேன். "ஆளு கெடக்குதுங்க, மூட்டயச் சொல்லுங்க" என்றார்.

மூட்டைக்கு இடமில்லை என்று தெரிந்த பிறகும் மனசு விடவில்லை அவருக்கு. கொல்லேகால் சந்தைக்கு இதில் போய் இறங்கினால் எப்படி இருக்கும் என்று வாய்விட்டே யோசித்தார். விட்டால் வாங்கிவிடுவார் போலிருந்தது. "உங்க பக்கம் காட்டு ரோடாச்சுங்களே" என்று மட்டும் மெல்லச் சொல்லி வைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கத்தை இரு கையாலும் பிடித்து எக்கித் தூக்கினார். ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. பொத்தென்று விட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "நானே தூக்குறனுங்க. பாலாறு ரோட்டுல யானை வந்தா, இதத் தூக்கிக் காதுல மாட்டிக்கிட்டுப் போயிருமுங்க!"

ரங்கநாதன் சாரின் மூட்டு

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் சிரிப்பாகிவிடும்.

ரங்கநாதன் சார் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து அந்த மாதம்தான் ஓய்வுபெற்றிருந்தார். வந்தவர் எதையும் கேட்கவில்லை. உள்ளே உட்கார்ந்து கியர் குமிழின் மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுப் பார்த்தார். வண்டிக்கு ஏற்ற ஆள் வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பூஜைக்கு இன்னும் பத்தே நாள்.

"மூட்டு எப்படி சார்?" என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். கிளட்ச் கொஞ்சம் கெட்டி என்றேன். தசரா நெரிசலில் நிமிடத்துக்கு நாலு தடவை மிதிக்க வேண்டும் என்றேன். "மூட்டு பரவாயில்லையா?" என்று மறுபடி கேட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது அவர் முழங்காலைத் தடவ ஆரம்பித்திருந்தார். கியரே போட வேண்டாத ஒரு சாம்பல் நிற வண்டியை அவருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து மைசூர்பாகு டப்பாவோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்: "வாங்கறவன் ஒடம்பப் பத்தி யோசிக்கறவா யார் இருக்கா? இந்தத் தொழில்ல நீங்க ஒருத்தர்தான் சார் மனசாட்சியுள்ள மனுஷன்."

நாலு எலுமிச்சம்பழம்

மைசூர்பாகு டப்பாவைத் திறக்காமலே யார்டு பையன்களிடம் கொடுத்துவிட்டேன். பூஜை வந்தது. வண்டி விற்காமல் அங்கேயே நின்றது. சிவண்ணா பூசணிக்காய் உடைத்து, சொன்னபடி சாவியை என் கையில் வைத்தார். "பூஜைக்கு வா" என்று மட்டும் சொல்லி என் மனைவி மல்லிகாவை வரவழைத்திருந்தேன். அவள் பெண்களுக்கான டிரைவிங் ஸ்கூலில் பன்னிரண்டு வருடமாகக் கற்றுக்கொடுக்கிறாள். காலை டிபனுக்கு முன்னால் நாலு பேருக்குக் கிளட்சும் பிரேக்கும் சொல்லிவிட்டு வருகிறவள்.

நான் முதன்முறையாக அந்த வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். ஆமாம், முதன்முறை, அதுவரை எனக்கு இடது சீட்டுதானே. வயிறு ஸ்டியரிங்கில் முட்டியது. கிளட்சை மிதித்தேன். பாதி தூரத்தில் முழங்கால் சுரீர் என்றது. ரங்கநாதன் சாரிடம் மூன்று முறை விசாரித்த மூட்டு என்னுடையதுதான் போலிருக்கிறது.

மல்லிகா என்னை இறக்கிவிட்டு, தானே உட்கார்ந்தாள். எங்கே பிடிக்கிறது என்று கிளட்சை இரண்டு தடவை விட்டுப் பார்த்தாள். சக்கரத்துக்கு அடியில் வைத்த நாலு எலுமிச்சம்பழமும் ஒரே சத்தத்தில் நசுங்கின. வீட்டுக்குப் போகும் வழியில் விக்னேஷ், பழனிசாமி, ரங்கநாதன் சார் எல்லோரையும் பற்றி ஒப்பித்தேன்.  கியர் மாறுவது தெரியாமல் மாறிக்கொண்டிருந்தது. எங்கள் தெரு முனை வேகத்தடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கிழம ரங்கநாதன் சாரக் கூப்புடுங்க, அவர் ஆசைக்கு ஓட்டட்டும், நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். இப்ப எறங்குங்க, ஹம்ப்பு வந்துடுச்சு."

ஊருக்கெல்லாம் வண்டி தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் எனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுத்ததில், ஒரு வேகத்தடைக்கும் அடுத்த வேகத்தடைக்கும் நடுவில் இடது சீட்டில் போகும் தூரம் மட்டும் என்னுடையதாகியிருக்கிறது, அதுவும் ஞாயிறு தவிர.