அசல் மிங்க்

பிஷ்கேக் துணிச் சந்தையில், கோட்டு தைத்து விற்கும் புருலை யாரும் ஏய்க்க முடியாது. கோட்டுக்கான செயற்கை ரோமத் துணியை வாயருகே பிடித்து ஊதுவாள். முடி விலகி அடித்துணி தெரியும். பிறகு எதிர்த்திசையில் ஒரு தடவு. படுத்த முடி எழாவிட்டால் அந்தத் துணிச்சுருள் வேண்டாம். போன இலையுதிர் காலத்தில் ஒரு பழுப்புச் சுருளை அப்படித்தான் தள்ளிவிட்டாள்.

"வாங்கறவளுக்குத் தெரியவா போகுது, அக்கா?" என்றான் கடைக்காரன்.

"குளிருக்குத் தெரியும்டா. எடு அந்தப் பக்கம்."

அவள் மகள் சாய்காலும் அம்மாவின் தையல் கூடத்திலேயே வளர்ந்தவள். ஊதிப் பார்க்கத் தெரிந்தவள். அந்தக் குளிர்காலம் அவள் கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் அம்மா தொக்தோகான், வழக்கப்படி சம்பந்திக்குக் கோட்டு போர்த்தினாள். "அசல் மிங்க் ரோமம், நிஜ மிருகத்தோடது!" என்று ஊரே கேட்கச் சொன்னாள். கழுத்தில் பட்டதுமே புருலுக்குத் தெரிந்துவிட்டது. அதே பழுப்புச் சுருள். அடிப்பாவி, நான் கழித்துப்போட்டதை எனக்கே போர்த்துகிறாயா! பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே, சிரித்து வைத்தாள். சாய்காலும் காலரைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தக் கோட்டு கடைசியில் சாய்காலின் தலையில்தான் விடிந்தது. தண்ணீர் சுமக்க, மாடு கறக்க, நாத்தனார் பிள்ளைகளைக் குளிப்பாட்ட, எல்லாவற்றுக்கும் அவள்தான். சற்று உட்கார்ந்தால் போதும், மாமியார் ஆரம்பித்துவிடுவாள்: "உங்கம்மாவுக்கு மிங்க் போட்டவங்கடி நாங்க!"

மறு குளிர்காலம் பேரனின் தொட்டில் விருந்துக்குப் புருல் அதே கோட்டில் போனாள். விருந்தாளி ஒருத்தி காலரைத் தொட்டாள். "திரிதிரியாப் போச்சே, இதுவா அசல்?"

தொக்தோகான் சிரித்தாள். "சம்பந்தியே ரோமம் பார்த்து எடுக்கிறவங்கதான். நீங்களே சொல்லுங்க சம்பந்தி, நான் ஏமாத்துவேனா?"

சமோவார் கொதிகலத்திலிருந்து தேநீர் பிடித்துக்கொண்டிருந்த சாய்கால் தலையை நிமிர்த்தினாள். சொல்லும்மா, சொல்லிடு என்று கெஞ்சியது அந்த முகம். சொன்னால் மாமியாரின் வாய் இன்றோடு அடைபடும். ஆனால் நாளைக்கே இவள் கைக்குழந்தையோடு என் வாசலில் வந்து நின்றால்? நாலு பேர் என்ன பேசுவார்கள்?

புருல் காலரைத் தடவினாள். முடி எழவில்லை.

"அசல்தான், சம்பந்தி. நம்ம சந்தையில இதெல்லாம் கிடைக்குமா!"

"கேட்டியாடி, சாய்கால்?"

"கேட்டேன்" என்றாள் சாய்கால். தேநீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தாள்.

"சுடுது, ஊதிக் குடி. உனக்குத்தான் ஊதத் தெரியுமே."